தலை தூக்கின புழு

அது வாழையிலையா அண்ணாச்சி? சாக்கைக் கீழ வையுங்க, கை கடுத்துப் போகும். இந்த விவசாய ஆபீஸ்ல பேரு கூப்பிட நேரமாகும். நான் பத்து மணிக்கே வந்தவளாக்கும்.

இந்த டப்பா என் மடியிலயே இருக்கட்டும். பயப்படாதீங்க, கொட்டுறதுக்கு உள்ள உயிரோட ஒண்ணும் கிடையாது. ஒரு கை அகலம் அடை, அவ்வளவுதான். தேன் அடை இல்ல, ஈயாகப் போற புழு இருக்கிற அடை. வீட்டுல மிச்சம் நிக்கிற ஒரே ஒரு தேன்பெட்டியிலேர்ந்து அறுத்துக் கொண்டுவந்தது.

என்ட்ட நாப்பத்திரண்டு பெட்டி இருந்துது. இப்ப ஒண்ணு.

நோயா? எல்லாரும் அதத்தான் கேக்கியள். நோய் இல்ல அண்ணாச்சி, விஷம். நான் இன்னைக்கு வந்ததே அந்தப் பேப்பரை வாங்கத்தான். போன தடவை வந்தப்ப இங்க உள்ள ஒரு சின்ன மேடம் கண்ணால பாத்தே நோயின்னு சொல்லிட்டு. நான் விடல. "விஷமான்னு டெஸ்ட் பண்ணி எழுத்துல குடுங்க"ன்னு நின்னேன். அடையைப் பெரிய ஊரு லேபுக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட் வந்திருக்காம், இன்னைக்குத் தருவாங்க.

என் பேரு ரெத்னபாய். மார்த்தாண்டத்துக்கு மேற்க, பனவிளையாக்கும் ஊரு. தேனீக்காரி வீடுன்னு கேட்டா போதும், கண்டக்டரே எறக்கி விடுவாரு. பதினாலு வருஷமா வளக்கேன். மகளிர் குழுவுல ட்ரெயினிங் குடுத்து ரெண்டு பெட்டி தந்தாங்க. எங்க வீட்டுக்காரரு ரப்பர் பால் வெட்டப் போறவரு. ரெண்டு பெட்டியோட நான் வந்து எறங்கினதப் பாத்து, "பசுவு வளக்கலாம், கோழி வளக்கலாம், ஈயை எவளாவது வளப்பாளாட்டி?"ன்னு சிரிச்சாரு. மூணாம் வருஷம் அந்தச் சிரிப்பு நின்னுபோச்சு. அதுக்குப் பெறகு ஊருல எவளுக்கு ஈ பறந்துபோனாலும், எவ பெட்டியில எறும்பு ஏறினாலும், "ரெத்னபாய் எக்காட்ட கேளு"ன்னுதான் சொல்லுவாங்க. பதினோரு பேருக்குப் படிச்சுக் குடுத்திருக்கேன். கடைசியா படிச்சவ ஜெயசீலி.

அந்த ஜெயசீலிக்க மாப்பிள்ளைதான் சோபனராஜ். வாழைக்கும் கைதச்சக்கைக்கும், அதான் அன்னாசிக்கும், மருந்தடிக்கப் போறவன். முதுகுல மெஷினைக் கட்டிக்கிட்டுக் காலையில போவான். குணம் நல்ல குணம்தான். இல்லேன்னு சொல்லல. என் பெட்டியிலேர்ந்து ஈ கூட்டமா கெளம்பிப் போய் புளியமரத்துல தொங்கினா, அவன்தான் ஏறி எடுத்துத் தருவான். ஆனா கையில எந்நேரமும் விஷம் இருக்கிறவன், இல்லியா? அத நீங்க மறக்கப்படாது.

கார்த்திகையில நான் புதுசா பத்துப் பெட்டி வாங்கினேன். அருமனைக்கு அந்தாண்ட ஒருத்தரு பெட்டியை மொத்தமா வித்துட்டுப் போறாருன்னு கேள்விப்பட்டு ஓடினேன். அங்க சில பெட்டி காலியா கெடந்துது. "ஏன் விக்கிறீரு?"ன்னு கேக்கல. கேட்டா மனசு மாறிருவாரோன்னு பயம். நல்லதாப் பாத்துப் பத்து எடுத்தேன்.

ரப்பர் தளிர்க்கிறது தை மாசிக்கு. எலையெல்லாம் உதிந்து புது எலை வரும் பாத்தியளா, அப்ப அந்தக் காம்புல தேன் ஊறும். எங்களுக்கு வருஷத்துல அதுதான் அறுப்பு. அதுக்கு முன்னாலயே பெட்டியில ஈ நெறஞ்சு நிக்கணும். அதனால நான் என்ன செய்வேன், பலமா உள்ள பெட்டியிலேர்ந்து புழு அடை ஒண்ணை மரச்சட்டத்தோட உருவி, வலுவு இல்லாத பெட்டியில வைப்பேன். ரெண்டு நாள்ல அதுவும் நிமிந்துரும். புதுசா வந்த பத்துலேர்ந்தும் எடுத்து, பழைய முப்பத்திரண்டுலயும் அங்கன இங்கன மாத்தி வச்சேன். எல்லாம் ஒருபோல வரணும்லா.

ஜெயசீலிக்கும் ரெண்டு சட்டம் குடுத்தேன். அவளுக்கு மொத்தம் ஆறு பெட்டிதான், அதுவும் மெலிஞ்சு நின்னுது. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்ன, துணியில பொதிஞ்சு நானே கொண்டுபோய்க் குடுத்தேன். அவ கண்ணு நெறஞ்சுபோச்சு. "எக்கா, ஒங்க கையால குடுத்தது தழைக்கும்"ன்னா.

புது வருஷம் பொறந்து ஒரு வாரம் இருக்கும். அவ ஓடி வாறா. "எக்கா, புழுவெல்லாம் அறைக்குள்ள தலையைத் தூக்கிட்டு நிக்குது. ஊசியால தொட்டா முழுசா வருது, தண்ணிப் பை மாதிரி. ஒருக்கா வந்து பாருங்க"ன்னா. நான் சொன்னேன், "இது மார்கழிக் குளிருட்டி. சீனித் தண்ணி வையி, சரியாயிரும்." போய்ப் பாத்தேனான்னா பாக்கல. எனக்கு அன்னைக்கு ஆயிரம் வேலை. பொங்கலுக்குள்ள அவளுக்க ஆறு பெட்டியும் காலி.

அப்பம் எனக்குத் தோணல, கேட்டியளா. பிள்ளைக்குக் கை பழகல, பறக்க விட்டுட்டா, அப்படித்தான் நெனச்சேன்.

பெறகு எனக்க பெட்டி.

ஒருநாள் காலையில மூணாம் பெட்டியைத் தட்டினேன். தட்டினா உள்ள ஒரு இரைச்சல் வரும், அரிசி கொதிக்கிற மாதிரி. வரல. மூடியைத் தொறந்தா ஒரு பிடி ஈ ராணியைச் சுத்தி ஓடிக்கிட்டு நிக்குது, மத்ததெல்லாம் போயாச்சு. முந்தின வாரம் வெரலு வைக்க எடமில்லாம இருந்த பெட்டியாக்கும்! மறுநாள் ஏழாம் பெட்டி. அதுக்கு அடுத்து ஒரே நாள்ல நாலு. நான் ஒவ்வொரு பெட்டியா ஓடுதேன், மூடியைத் தொறக்கேன், பொத்துதேன். கடைசியில தொறக்கவே பயம். வெளியிலேர்ந்து காதை வச்சுக் கேப்பேன். சத்தம் இருந்தா "கர்த்தாவே ஸ்தோத்திரம்"ன்னு அடுத்ததுக்குப் போவேன். அடுத்ததுல இருக்காது.

எங்க வீட்டுக்காரரு மூணு நாள் வேலைக்குப் போகல. "நீ சோறு தின்னுட்டி"ன்னு தட்டை வச்சுக்கிட்டு என் பின்னால ரப்பர் தோட்டத்துல நடந்தாரு. நான் ஒரு பெட்டிக்க முன்னால மண்ணுல உக்காந்துட்டேன். "எல்லாம் போச்சுங்க"ன்னேன். தட்டைக் கீழ வச்சுட்டு அவரும் பக்கத்துல உக்காந்தாரு.

மாசி பொறக்கையில ரப்பரெல்லாம் தளிர்த்து நிக்குது. காம்புல தேன் பளபளன்னு ஊறி நிக்குது, நாக்கால தொட்டாலும் இனிக்கும். எடுக்க ஈ இல்ல. உங்களுக்கு வயலு விளைஞ்சு நிக்கையில கை ரெண்டும் வெளங்காமப் போனா எப்படி இருக்கும்? அப்படியாக்கும்.

சோபனராஜ் எனக்க பெட்டி காலியாகத் தொடங்கின அதே வாரம்தான் எனக்குக் கீழ்ப்பக்கத்துத் தோட்டத்துல வாழைக்கு மருந்தடிச்சான். நான் கண்ணால பாத்தேன். அவன் வீட்டு ஈதான் முதல்ல செத்துது, பாத்தியளா? மருந்துச் சட்டையோட வீட்டுக்குள்ள வாறவன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

என்ன கேட்டியள்? பெட்டிக்க முன்னால செத்துக் கெடந்துதான்னா? அதைத்தான் இந்த மேடமும் கேட்டுது. இல்ல, கெடக்கல. ஆனா வாழைத் தோட்டத்துல விழுந்து செத்திருக்கலாம்லா? பறக்கிற வழியில விழுந்திருக்கலாம். இப்ப உள்ள விஷமெல்லாம் அப்படியாக்கும், அடையாளமே வைக்காது.

நான் ஒண்ணும் அவன் வாசல்ல போய் சண்டை பிடிக்கல. ஞாயித்துக்கிழமை ஆராதனையில சாட்சி சொல்ல நேரம் குடுப்பாங்க. நான் எழும்பி நின்னேன். "பதினாலு வருஷ உழைப்பு நாசமாப் போச்சு சபையாரே, விஷம் சுமக்கிற கையை தேவன் பாத்துக்கிடட்டும்"ன்னு சொன்னேன். அழுகையில சொன்னேன். பேரு சொல்லல. கேட்டியளா, நான் பேரு சொல்லல. ஆனா நான் உக்காரையில சபை மொத்தமும் பின்பக்கம் திரும்பி அவனைப் பாத்துது. அதுக்கு நான் என்ன செய்ய?

அதுக்குப் பெறகு அவனை யாரும் மருந்தடிக்கக் கூப்பிடல. தேனீக்காரி பெட்டியைக் கொன்னவன்னு பேராகிப் போச்சு. யாரோ அவன் வீட்டுச் செவத்துல கரியால கொலைகாரன்னு எழுதியும் வச்சிருந்தாங்க. அது நான் சொல்லிச் செஞ்சதில்ல. ஜெயசீலி ஈரத்துணியால தேச்சுக்கிட்டு நின்னதைப் பாத்தேன். என்னைப் பாத்ததும் தேய்க்கிறதை நிறுத்திட்டு உள்ள போயிட்டா.

ஒருநாள் மத்தியானம் அவன் என் முத்தத்துக்கு வந்தான். முதுகுல மெஷின். நான் பயந்துபோய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவன் மெஷினைக் கழத்திப் பலாமரத்துக்க அடியில வச்சான். "எக்கா, ஒங்க பெட்டிக்கு முன்னாலயெல்லாம் நான் மருந்தே அடிச்சதில்ல. ஈ அடங்கின பெறகுதான் கீழ்த்தோட்டத்துல எறங்குவேன். அது ஒங்களுக்கே தெரியும்"ன்னான். நான் அந்த மெஷினையே பாத்துக்கிட்டு நின்னேன். "இனி இதை நான் தொடல. ஒங்க முத்தத்துலயே கெடக்கட்டும்"ன்னுட்டுப் போயிட்டான். மறுவாரம் கோட்டயம் பக்கம் ஏதோ கல்லுவெட்டுற எடத்துக்கு வேலைக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. அவனுக்கு மூச்சிளைப்பு உண்டும், கல்லுப் பொடி ஆகாது. சரி, அதை நாம எதுக்குப் பேசணும்.

ஆமா, அப்பத்தான் நான் முதல் தடவை இங்க வந்தேன். ஊருல எங்க வீட்டுக்காரரே, "ஏட்டி, அந்தப் பயல் செய்திருப்பானா?"ன்னு கேக்கத் தொடங்கிட்டாரு. அதான், எழுத்துல வாங்கிருவோம்னு. 

அந்தச் சின்ன மேடம் அடையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துது. சின்னக் கொறடு வச்சு ஒரு புழுவை எடுத்துது. அது அப்படியே பை மாதிரி வந்துது, உள்ள தண்ணி. "அம்மா, விஷம்னா வளந்த ஈ செத்து வாசல்ல குவிஞ்சு கெடக்கும், நாக்கை நீட்டிக்கிட்டு. இங்க செத்தது பூரா புழு. தலையைத் தூக்கி நிக்குது பாருங்க. இது புழுவுக்கு வாற வைரஸ் நோய். அடுத்த தலைமுறை வளரல, அதான் இருக்கிற ஈயும் கூட்டை விட்டுட்டுப் போயிருது"ன்னுது. "இதுக்கு மருந்து கிடையாது. பரவாமப் பாத்துக்கிடணும். ஒரு பெட்டிச் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாத்தி வச்சீங்களா?"

நான் இல்லேன்னேன்.

"புதுசா எங்கயிருந்தாவது பெட்டி வாங்கினீங்களா?"

அதுக்கும் இல்லேன்னேன்.

ஏன்னு கேக்காதீங்க அண்ணாச்சி. எனக்கு மகளாட்டம் இருக்கு அந்தப் பிள்ளை. பதினாலு வருஷம் வளத்தவ, பதினோரு பேருக்குப் படிச்சுக் குடுத்தவ, அதுக்க முன்னால கையக் கட்டிக்கிட்டு என்னத்தைச் சொல்ல? வாயிலேர்ந்து தானா வந்துட்டு, இல்லேன்னு.

"செத்த பெட்டிக்க அடையெல்லாம் எரிச்சிருங்க. அதுவரைக்கும் வாசலை அடைச்சு வையுங்க. மத்த ஈ உள்ள போயிரப்படாது"ன்னும் சொல்லிச்சு. எப்படி எரிக்க? ஓரம் ஓரமா இன்னும் தேன் இருக்கு. என் கையால கம்பி கட்டின சட்டம். அப்படியே தொறந்து வச்சிருக்கேன். மிச்சம் நிக்கிற ஒரு பெட்டிக்க ஈ வந்து அந்தக் காலிப் பெட்டிகள்ல ஏறி எறங்குது. அந்தத் தேனை எடுத்துட்டுப் போகுது. நான் காலையில அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இத்தனை சாவுக்குப் பெறகும் பெட்டிக்குள்ள ஈ போயி வருதே, அது ஒரு ஆறுதல். மிச்சம் உள்ளது தின்னு பலமா வரட்டும்னுதான்.

ஆனா நாலு நாளா அதுக்குள்ளயும் சில புழு… அதனாலதான் இந்த டப்பா. சும்மா காட்டிட்டுப் போவோம்னு.

ரெத்னபாய்னு கூப்பிடுதாங்க. இந்தா வந்துட்டேன். அண்ணாச்சி, என் பையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க.

*

குடுத்துட்டாங்க. ரெண்டு தாளு. இங்கிலீஷ்ல இருக்கு. அந்தப் பிள்ளை உள்ள என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துது, எனக்குக் காதுல ஏறல. டப்பாவைத் தொறந்து பாத்துது, என் மூஞ்சியைப் பாத்துது, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு "உக்காருங்கம்மா"ன்னுது. அப்பமே எனக்குக் காது அடைச்சுப்போச்சு. 

நீங்க வாசியுங்க. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்லா? வாசிச்சுத் தமிழ்ல சொல்லுங்க.

இல்லேன்னா? எது இல்ல?

நல்லாப் பாருங்க. எத்தனை மருந்துக்கு டெஸ்ட் பண்ணிருக்காங்க? பதினெட்டா? பதினெட்டுலயும் இல்லியா? கொஞ்சம் கூடவா? அந்தக் கடைசி வரி என்ன? 

நோய்க்குப் பேருதானா அது. உண்டுன்னு போட்டிருக்கா.

பின்பக்கம் திருப்பிப் பாருங்க அண்ணாச்சி. சில நேரம் பின்பக்கம் எழுதியிருப்பாங்க.

இல்லியா.

சரி. தாங்க.

இந்த டப்பாவுல உள்ளதும் அதே நோய்தான்னு அந்தப் பிள்ளை சொன்னது இப்பம் ஞாபகம் வருது. "யாரு தொறந்து வைக்கச் சொன்னா அம்மா?"ன்னு கேட்டுது. ராணியைச் சின்னக் கூண்டுல அடைச்சு, புழு அடை பூரா எடுத்து எரிச்சா ஒருவேளை பொழைக்கலாம், உறுதி சொல்ல முடியாதுன்னுது. நான் தலையாட்டிட்டு வந்திருக்கேன்.

நாப்பத்தியொண்ணு செத்துது எனக்குத் தெரியாம. இந்த ஒண்ணைத் தெரிஞ்சே கொன்னுருக்கேன். எடுத்து ஊட்டிக் கொன்னுருக்கேன்.

அண்ணாச்சி, நான் ஒரு போன் பண்ணிட்டு வாறேன். தள்ளிப் போகல, அந்தத் தூணுக்குப் பக்கத்துலதான்.

*

எடுத்துட்டா. ஜெயசீலி எடுக்கமாட்டாள்னு நெனச்சுத்தான் அடிச்சேன், எடுத்துட்டா.

"ஜெயசீலி, நான் ரெத்னபாய் எக்கா பேசுதேன்"ன்னேன். "ரிப்போர்ட் வந்துட்டு பிள்ளே. விஷம் இல்லியாம். நோயாம். நான் ஒனக்குத் தந்த அந்த ரெண்டு சட்டத்துல…"

அவ சொன்னா, "எனக்குத் தெரியும் எக்கா."

"எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும். நீங்க தந்த சட்டத்துலதான் முதல்ல புழு தலையைத் தூக்கிச்சு. பெறகுதான் மத்தது."

"தெரிஞ்சா ஏம்பிள்ளே சொல்லல? ஊரே ஒன் மாப்பிள்ளையைச் சொல்லையிலயும் ஏன் வாயைத் தொறக்கல?"

"சொன்னேனே எக்கா. ஓடி வந்து சொன்னேன். நீங்க குளிருன்னீங்க. அதுக்குப் பெறகு நான் சொன்னா யாரு கேப்பா? படிச்சுக் குடுத்தவங்க நீங்க."

திட்டியிருக்கலாம். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். சோறு ஊட்டுற மாதிரி மெதுவாச் சொல்லுதா அண்ணாச்சி.

"அவனுக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "இருமல்தான். நிக்கமாட்டேங்கு. திரும்பி வாங்கன்னா வரமாட்டேங்காரு. அந்த ஊருல எந்த மூஞ்சியோட நடக்கன்னு கேக்காரு"ன்னா. "நம்பர் தா பிள்ளே, நான் பேசுதேன். கால்ல விழுந்து பேசுதேன்"ன்னேன்.

தரமாட்டேன்னுட்டா. அப்பத்தான் அவ கொரலு மாறிச்சு. "அவர்ட்ட நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். அவருக்குத் தெரியும் அவரு செய்யலேன்னு. சபையில சொல்லுங்க. எல்லாரும் இருக்கையில சொன்னீங்கல்லா, எல்லாரும் இருக்கையில சொல்லுங்க. வாற ஞாயிறு நானும் வருவேன். பின்னால உக்காந்திருப்பேன்"ன்னா. வச்சுட்டா.

இன்னைக்கு வெள்ளி. நாளை ஒருநாள்தான் எடையில.

நான் எழும்பி நின்னா எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லணும்னுதான் பாப்பாங்க அண்ணாச்சி. பாவம் ரெத்னபாய், எல்லாம் போச்சேன்னு. நான் படிச்சுக் குடுத்த மத்தப் பத்துப் பொம்பளைகளும் வரிசையா இருப்பாங்க. வீட்டுக்காரரு ஆண்கள் பக்கம் இருப்பாரு. இனி எவ எங்கிட்ட வந்து கேப்பா? எவ தன் பெட்டியை என்னைத் தொட விடுவா? விட்டா நானும் தொடமாட்டேன்.

போகாம இருந்துரலாமான்னும் தோணுது. காய்ச்சல்னு படுத்துட்டா யாரு கேக்கப் போறா. ஆனா அவ பின்னால உக்காந்திருப்பாளே.

உங்க பேரைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்குல்லா? கொஞ்சம் கேளுங்க. நீங்க சபைன்னு வச்சுக்கிடுங்க. தப்பா வந்தா நிறுத்துங்க.

"சபையாரே, போன மாசம் நான் மனசு வேதனையில ஒரு வார்த்தை பேசினேன். அப்ப யாரு பேரும் சொல்லல…"

இல்ல. இது சரியில்ல. உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. 

"சபையாரே, எனக்க தேனீக்கு வந்தது நோயின்னு இப்பத்தான் தெரிஞ்சுது. முன்னமே தெரிஞ்சிருந்தா…"

இதுவும் இல்ல.

இருங்க. தண்ணி ஒரு வாய் குடிச்சுக்கிடுதேன்.

"சபையாரே. சோபனராஜ் எனக்க ஈயைக் கொல்லல. கார்த்திகையில பத்துப் பெட்டி வாங்கினேன். அதுல நோய் இருந்துது. அந்தச் சட்டத்தை எல்லாப் பெட்டியிலயும் நான்தான் மாத்தி வச்சேன். ஜெயசீலி வீட்டுக்கும் நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். அவ வந்து சொன்னா. நான் கேக்கல."

இவ்வளவுதான். இதுக்கு மேல எனக்குத் தெரியல.

நடுவுல அழுகை வந்தா நிறுத்திரணுமா அண்ணாச்சி, சொல்லி முடிச்சுரணுமா?